கூடைக் கயிற்றை யார் மாற்றுவது?

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகும் பஸ்ஸில் காலை எட்டு மணிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தால், மலையில் நிரை பிடித்து நிற்கும் பெண்களைப் பார்க்கலாம். சுற்றுலாப் பயணியின் கெமராவுக்குப் பச்சை மலையும் நிறச் சேலையும் போதும். வளைவில் பஸ் வேகம் குறையும்போது உற்றுப் பார்ப்பவருக்கு இன்னொன்றும் தெரியும். கூடையை மாட்டுவதற்கு முன் அவர்கள் பழைய துண்டையோ கிழிந்த சேலையையோ நாலாக மடித்து உச்சந்தலையில் வைக்கிறார்கள். கொங்காணியைச் சரிசெய்து, கயிற்றை அந்தத் துணியின்மேல் ஏற்றி, இரண்டு கைகளாலும் முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தி ஓர் இடத்தில் நிறுத்துகிறார்கள். தலையை ஒரு தரம் ஆட்டிப் பார்க்கிறார்கள். சரியில்லையென்றால் மறுபடி.

இதே கைவேலையை இப்போது உலகத்தின் வேறு மூலைகளிலும் பார்க்க முடியும். டொரன்டோவிலோ சென்னையிலோ ஓர் இளைஞர் மெய்நிகர் காட்சிக்கான ஹெட்செட்டை முகத்தில் மாட்டிக்கொண்டு, பின்மண்டையில் கையை விட்டுப் பட்டியை இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்துத் தலையை ஆட்டிப் பார்க்கிறார். அவருடைய தலையில் தொங்குவது அரைக் கிலோ. அந்த அரைக் கிலோ உறுத்தாமல் இருப்பதற்காக உலகத்தின் மிகப் பெரிய கம்பனிகள் செலவிட்ட பணமும் மூளையும் கொஞ்சமல்ல. அவர்கள் கண்டுபிடித்தவற்றில் பாதியாவது மலையகத்துக் கூடைக் கயிற்றுக்கு ஏன் வந்து சேரவில்லை என்று கேட்க வேண்டிய காலம் இது.

முதலில் ஹெட்செட்டின் கதை. பேஸ்புக் நிறுவனம் 2020 அக்டோபரில் குவெஸ்ட் 2 என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. எடை 503 கிராம். கூடவே வந்தது மெல்லிய இழுபட்டித் துணி. வாங்கியவர்கள் அரை மணி நேரத்திலேயே முனக ஆரம்பித்தார்கள். கன்னம் அழுந்துகிறது, நெற்றி சிவக்கிறது, கழுத்து இறுகுகிறது. அரைக் கிலோ பெரிய எடையா என்று தோன்றலாம். கையில் பிடித்தால் ஒன்றுமில்லைதான். முகத்துக்கு முன்னால் அது தொங்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. மனிதத் தலையே நாலரை, ஐந்து கிலோ எடையுள்ளது. கழுத்தெலும்பின்மேல் ஓரளவு சமநிலையில் உட்கார்ந்திருப்பதால் அதன் பாரம் நமக்குத் தெரிவதில்லை. முன்பக்கம் மட்டும் ஒரு எடையைக் கட்டினால், தலை முன்னால் சாயாமல் பிடித்து வைக்கும் பொறுப்பு பிடரித் தசைகளுக்கு வந்துவிடுகிறது. அவற்றுக்கு ஓய்வே இல்லை.

இதற்குத் தீர்வு பின்பக்கத்தில் இருந்தது. துணிப் பட்டிக்குப் பதிலாக, பின்மண்டையைக் கிண்ணம் போலத் தாங்கும் கெட்டியான பட்டியை அதே நிறுவனம் 49 டொலருக்குத் தனியாக விற்றது. எலைட் ஸ்ட்ராப் என்று பெயர். பின்பக்கத்தில் பெட்டரி பொருத்திய இன்னொரு வகை, உறையோடு சேர்த்து 129 டொலர். குவெஸ்ட் 2இன் சொந்த மின்கலம் இரண்டு, மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பின்பக்கத்துப் பெட்டரி அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. அதோடு முன்பாரத்துக்கு ஈடாகப் பின்னால் ஒரு பாரமும் கிடைத்தது. மொத்த எடை கூடியது, உறுத்தல் குறைந்தது. யாழ்ப்பாணத்துத் துலாவின் அடிப்பக்கத்தில் கல்லைக் கட்டியவர்களுக்கும், காவுதடியின் இரண்டு முனையிலும் பாரத்தைப் பிரித்துப் போட்டவர்களுக்கும் இது புதிய செய்தியல்ல.

அந்தப் பட்டியும் முதல் முயற்சியில் சரிவரவில்லை. வந்த சில வாரங்களிலேயே பிளாஸ்டிக்கில் விரிசல் விழுவதாக முறைப்பாடுகள் குவிந்தன. நிறுவனம் விற்பனையை நிறுத்திவைத்து, உத்தரவாதக் காலத்தையும் நீட்டித்தது. 2021 ஜூலையில் இன்னொரு சிக்கல். முகத்தில் படும் பஞ்சு சிலருக்குத் தோல் அரிப்பைக் கொடுத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 இலட்சம் பஞ்சுகளுக்கு மீளழைப்பு அறிவிக்கப்பட்டு, சிலிக்கன் உறை இலவசமாக அனுப்பப்பட்டது. முறைப்பாடு செய்தவர்கள் சுமார் 5,700 பேர், மருத்துவரிடம் போக வேண்டியிருந்தவர்கள் சுமார் 45 பேர். அவர்களுக்காகக் கருவியின் விற்பனையே சில வாரங்கள் நின்றது. செய்ய வேண்டியதுதான். ஒருவருடைய தோலில் படும் பொருளுக்கு விற்பவர் பொறுப்பேற்பது நல்ல வழக்கம்.

அப்பிள் 2024 பெப்ரவரியில் 3,499 டொலர் விலையில் விஷன் ப்ரோவை வெளியிட்டது. பெட்டரியைத் தலையிலிருந்தே இறக்கி, கம்பியோடு சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார்கள். அதன் எடை மட்டும் 353 கிராம். அப்படியும் முன்பாரம் 600 கிராமுக்கு மேல். 2025 அக்டோபரில் வந்த புதிய பின்னல் பட்டியின் பின்பக்கத்தில் டங்ஸ்டன் உலோகத் துண்டுகளைப் புதைத்திருக்கிறார்கள், ஈடுபாரத்துக்காக. உலகின் பெரும் பணக்காரக் கம்பனிகளில் ஒன்று, பட்டி என்ற சாதாரணப் பொருளுக்காக இவ்வளவு தூரம் போகிறது.

இவ்வளவும் அரைக் கிலோவுக்கு.

இப்போது மலைக்கு வருவோம். பல தோட்டங்களில் ஒரு பெண் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழும். குறைந்தால் அரைப் பேர். கொழுந்தை இரண்டு, மூன்று தடவையாக நிறுப்பது வழக்கம். மூன்று தடவை என்று வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு ஆறு கிலோ. குவெஸ்ட் 2 கருவி பன்னிரண்டைச் சேர்த்துக் கட்டினால் வரும் எடை அது. இதில் கூடையின் எடை சேரவில்லை. மழை நாளில் இலையோடு ஒட்டிவரும் தண்ணீர் சேரவில்லை. கொழுந்து பெருகும் மாதங்களில் ஆறு கிலோ என்பது எட்டாகும், பத்தாகும். இடுப்பில் நனைந்த படங்கு வேறு. கால் வைக்கும் இடமோ சரிவு, சேறு, அட்டை.

அந்தக் கூடைக்கும் ஈரத்துக்கும் நிறுக்கும் இடத்தில் கழிவு போடுகிறார்கள். தராசு காட்டுவதில் இத்தனை கிலோ குறைத்துத்தான் கணக்கில் ஏறும். கம்பனி கூடையின் எடைக்குப் பணம் தர முடியாது என்பது விளங்குகிறது. ஆனால் அந்த எடையைக் கழுத்து சுமந்துதானே வந்தது? கூடை பாரமாக இருந்தால் நட்டம் முழுவதும் சுமப்பவருக்கு. கூடையைத் தெரிவு செய்பவருக்கு அதில் ஒரு சதமும் நட்டமில்லை. இத்தனை காலமாக இந்தக் கயிறு அப்படியே இருப்பதற்குக் காரணம் தேடினால் அங்கேதான் கிடைக்கும். ஹெட்செட் உறுத்தினால் வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிடுவார், விற்பனை விழும், அதனால் கம்பனி பட்டியை மாற்றுகிறது. கூடைக் கயிறு உறுத்தினால் யாருடைய விற்பனையும் விழுவதில்லை.

கயிற்றின் வேலையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். ஹெட்செட் தலையை முன்னால் இழுக்கிறது. கூடை பின்னால் இழுக்கிறது. அந்த இழுவைக்கு ஈடாக அந்தப் பெண் தன் உடம்பையே முன்னால் சாய்க்கிறார். அப்பிள் டங்ஸ்டன் துண்டால் செய்ததை இவர் முதுகெலும்பால் செய்கிறார். கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டால்தான் கயிறு நழுவாது. அப்படி வைத்தபடியே இரண்டு கையையும் நீட்டி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னுக்கு எறிய வேண்டும். ஒரு கை தவறினால் இலை மண்ணில். தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த பெண்களிடம் உடம்பைப் பற்றிக் கேட்டால் முதலில் வருவது தலையிடி, பிறகு பிடரி, பிறகு இடுப்பு. உச்சியில் கயிறு படும் இடத்தில் முடி தேய்ந்துவிட்டதைச் சொல்பவர்களும் உண்டு. சொல்லும்போது வயதாகிவிட்டது என்ற தோரணையில்தான் சொல்கிறார்கள். வேலையால் வந்தது என்று அதை எழுதி வைக்க எந்தப் பதிவேடும் அவர்களிடம் நீட்டப்பட்டதில்லை.

நகரத்திலிருந்து வரும் நல்ல மனிதர்கள் இதைப் பார்த்ததும் ஒரு யோசனை சொல்வார்கள்: பள்ளிப் பை மாதிரி இரண்டு தோளிலும் மாட்டும் பட்டி கொடுத்துவிட்டால் என்ன? இங்கேதான் நிதானம் வேண்டும். தலைக் கயிறு முட்டாள்தனமான ஏற்பாடு அல்ல. கைகள் இரண்டும் தோள்வரை தடையில்லாமல் அசைவதற்கு அது வழி விடுகிறது. கூடையின் வாயைத் தோளுக்குப் பக்கத்தில் திறந்து வைக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, குளவி. தேயிலைச் செடிக்குள்ளோ நிழல்மரத்திலோ கூடு கலைந்துவிட்டால் ஓட வேண்டியதுதான். குளவி கொட்டி மலையகத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. அந்தச் செய்தி வராத வருடமில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்தால் கயிறு கழன்று கூடை விழுந்துவிடும். மார்பில் கொக்கி போட்ட தோள்பட்டியோடு ஓடும் பெண்ணுக்கு அந்த ஒரு நொடி கிடைக்காது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வரைபவருக்கு இது தோன்றாது. நிரையில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

தலையில் பட்டி போட்டுச் சுமப்பதைப் பற்றி அறிவியல் சொல்வதும் இதற்கு ஒத்துப் போகிறது. எவரெஸ்ட் பகுதியில் நேபாளச் சுமைகாரர்களை அளந்த ஆய்வொன்று 2005இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. நெற்றிக்கு மேலே அகலப் பட்டி மாட்டி அவர்கள் சுமந்த பாரம், ஆண்களிடம் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 வீதம், பெண்களிடம் 66 வீதம். முதுகுப் பையோடு நடப்பவர்களைவிட அவர்கள் குறைந்த சக்தியையே செலவழித்தார்கள். அவர்களுடைய முறையில் மூன்று விடயங்கள் கவனிக்கத்தக்கவை. பட்டி அகலமானது, நெய்தது. பாரம் இடுப்புக்கு மேலே முதுகில் சாய்ந்து நிற்கிறது, தலையிலிருந்து வெறுமனே தொங்குவதில்லை. செங்குத்தான ஏற்றத்தில் பதினைந்து நொடி நடந்தால் நாற்பத்தைந்து நொடி நிற்கிறார்கள். நிற்கும்போது 'தோக்மா' என்ற T வடிவக் கோலைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்துக் கழுத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள்.

நம்முடைய மரபிலும் இந்த அறிவு இருந்தது. சும்மாடு என்ற சொல் தமிழில் எத்தனை பழையதென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சுமைதாங்கிக் கல் இன்னும் அருமையான ஏற்பாடு. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய பாதையோரங்களில் அது நிற்கிறது. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக அதை நாட்டுவது வழக்கம். தலைச்சுமையோடு வருபவர் யாரையும் கூப்பிடாமல், குனியாமல், பாரத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அந்தத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்துதான் கண்டிச் சீமைக்கு ஆள் வந்தது. சும்மாடு மட்டும் மடித்த சேலைத் துணியாகக் கூடவே வந்தது. சுமைதாங்கி வந்து சேரவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட நாளிலிருந்து எத்தனையோ பாலமும் பாதையும் தேயிலை ஸ்டோரும் பங்களாவும் இந்த மலைகளில் எழும்பின. கொழுந்து மலையிலிருந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் இடுப்புயரத்துக்கு ஒரு கல்மேடை கட்ட யாருக்கும் தோன்றவில்லை.

பெட்டரி விடயத்தையும் விடக்கூடாது. ஹெட்செட் இரண்டு மணி நேரத்தில் சோர்ந்துபோனால் பின்னால் இன்னொன்றைச் சொருகுகிறார்கள். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் பெட்டரியைக் கழற்றி மாட்டும் பட்டிகள்கூடச் சந்தையில் உண்டு. ஆட்டத்தை நிறுத்தவே வேண்டாம். மலையில் நிற்கும் பெண்ணுக்கு விடியற்காலை ரொட்டியும் தேத்தண்ணியும்தான் மின்னேற்றம். பிறகு மதியம்வரை அவ்வளவுதான். மழைக்கு ஒதுங்க, உட்கார, ஒதுங்கிடம் போக வசதியில்லாத மலைகள் இன்னும் எத்தனையோ. நல்ல பட்டி ஒருவருடைய சக்தியை மிச்சப்படுத்தும். இல்லாத ஓய்வை அது கொடுக்காது. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் பயன்.

சம்பளமே போதாமல் இருக்கும்போது கயிற்றைப் பற்றிப் பேசுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக்கவும், வருகைக் கொடுப்பனவாக 200 ரூபாவை அரசே தரவும் முன்மொழிந்தது. அந்தக் கணக்கு முதலில் சரியாக வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் இந்த ஒப்பீட்டையும் பாருங்கள். பெட்டரியுள்ள எலைட் ஸ்ட்ராப்பின் 129 டொலரை, டொலருக்கு 300 ரூபா என்று போட்டாலும் 38,700 ரூபா வருகிறது. 2025இன் 1,350 ரூபாச் சம்பளத்தில் 28 நாள் பேருக்கும் மேல். தலையில் மாட்டும் ஒரு பட்டிக்கு ஒருவர் தயங்காமல் கொடுக்கும் விலை, தலையால் உழைக்கும் இன்னொருவரின் ஒரு மாத வருமானம். கூடைக்கு நல்ல பட்டி செய்ய இதில் சிறு பங்குகூட ஆகாது. அகலமான நாடா, கழுவக்கூடிய பஞ்சு, இழுத்தால் கழலும் கொக்கி, இடுப்பில் பாதிப் பாரத்தை ஏற்கும் ஒரு வார். அவ்வளவுதான் பொருள்.

அந்தப் பொருளைத் தைக்கத் தெரிந்தவர்களும் வெளியில் இல்லை. தோலை அறுக்காத பட்டி, வியர்வையை உறிஞ்சும் பஞ்சு, நீளம் கூட்டிக் குறைக்கும் வளையம் ஆகியவற்றை உலகச் சந்தைக்கு இலட்சக்கணக்கில் தைத்து அனுப்பும் நாடு இலங்கை. கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளின் தையல் இயந்திரங்களுக்குப் பின்னால் மலையகத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மகள் அங்கே வெளிநாட்டுப் பெண்ணின் தோள் நோகாத பட்டியைத் தைக்கிறாள். தாய் இங்கே நைலோன் கயிற்றின் கீழே கிழிந்த துணியை மடித்து வைக்கிறார். இந்த இரண்டு வேலைக்கும் நடுவே சில மணி நேர பஸ் தூரம்தான்.

சில தோட்டங்களில் கூடைக்குப் பதிலாகச் சாக்கும் பையும் வந்துவிட்டன. பாரம் குறைந்ததென்று பெண்கள் அதை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் சாக்குக்குள் அமுக்கிய கொழுந்து நசுங்கிச் சூடேறும். ஸ்டோருக்குப் போகுமுன்பே கெடத் தொடங்கும். காற்றோட்டமுள்ள கூடையைத் தேயிலைத் தரம் கேட்கிறது, லேசான பையைக் கழுத்து கேட்கிறது. இரண்டையும் சேர்த்துத் தருவதுதான் வடிவமைப்பாளரின் வேலை. கையியந்திரமும் கத்தரியும் வந்துவிட்டால் கூடையே தேவைப்படாது என்பவர்களும் உண்டு. அவை சில மலைகளுக்கு வந்துவிட்டன. செங்குத்துச் சரிவில் நல்ல கொழுந்து வேண்டுமானால் இன்றைக்கும் கைதான் போக வேண்டியிருக்கிறது. கை போகும் இடமெல்லாம் கூடையும் போகும்.

யார் செய்வது என்ற கேள்விக்கு விடை தலவாக்கலையில் இருக்கிறது. 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்குகிறது. நூறு வருடமாகச் செடியின் வேரையும் இலையையும் மண்ணையும் பூச்சியையும் அந்த நிறுவனத்தில் அளக்கிறார்கள். அதன் பலன் நாடு முழுவதும் தெரிகிறது. அதே அக்கறையோடு கொழுந்து எடுப்பவரின் கழுத்தையும் அளக்கலாம். பேராதனையில் பொறியியலும் மருத்துவமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மொரட்டுவையில் வடிவமைப்புப் படிப்பிக்கிறார்கள். தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் தேசிய நிறுவனமே உண்டு. 1992இல் தோட்டங்களின் நிர்வாகத்தை ஏற்ற பிராந்தியக் கம்பனிகள் ஒரு மலையை ஒதுக்கினால் போதும். ஐம்பது பெண்கள், மூன்று வகைப் பட்டி, கொழுந்து கூடின ஒரு மாதம், குறைந்த ஒரு மாதம். வெயிலிலும் மழையிலும் பாவித்துப் பார்த்து, ஒவ்வொரு நாளும் நிறுவை முடிந்ததும் அவர்களிடமே கேட்டு எழுத வேண்டும். எங்கே நோகிறது, எது நழுவுகிறது, குளவி வந்தால் எத்தனை நொடியில் கழலும் என்று. தீர்ப்புச் சொல்லும் உரிமை அவர்களுக்கு மட்டும் இருக்க வேண்டும். கூடையின் எடைக்குக் கழிவு போடுவதாக இருந்தால், அந்தக் கூடை எத்தனை கிராமுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பும் அதே தாளில் எழுதப்பட வேண்டும்.

சுமைதாங்கிக்கு எந்த ஆய்வும் தேவையில்லை. நாலு கல்லும் ஒரு மூட்டைச் சீமெந்தும் இருந்தால் தோட்டத்து மேசன் அரை நாளில் கட்டிவிடுவார்.

அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கத் தலைவர்கள், கோரிக்கைப் பட்டியலோடு ஒரு கூடைக் கயிற்றையும் அதற்குக் கீழே வைக்கும் மடித்த துணியையும் எடுத்துப் போய் மேசையில் வையுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஆறு கிலோவை அதில் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் தலையில் மாட்டிப் பார்க்கட்டும். பேச்சு அதன் பிறகு தொடங்கட்டும்.